தொண்டை வரைக்கும்

மெல்பேர்னில் நான் கண்ட பெரிய குடிகாரர் ஒரு சொட்டும் குடிக்காதவர். இதைச் சொன்னால் நான் குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்பிரிங்வேலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. எங்களை விட நன்றாக மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணை. அது முகத்துக்கு முன்னால். முதுகுக்குப் பின்னால் துப்பண்ணை. கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனியில் சுவை பார்ப்பவராக இருந்தவர். வரிசையாகக் கோப்பைகளை வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, இது இன்ன மலைத் தேயிலை, பறித்த அன்றைக்கு மழை, வாட்டினவன் அவசரக்காரன் என்று சொல்லவேண்டும். மெல்பேர்னுக்கு வந்தும் தேயிலை பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு அதே உத்தியோகம். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போனோம், அவர் துப்பப் போனார். சம்பளம் எங்களை விட அவருக்குத்தான் கூட.

அவர் உறிஞ்சும் சத்தத்தைக் கேட்காதவர்களுக்கு அதை விளங்கப்படுத்துவது கஷ்டம். பழைய சீலையை நீட்டுக்குக் கிழிக்கிற சத்தம். தண்ணியோடு காற்றும் சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் மூக்குக்குப் பின்பக்கமாக ஏறுமாம், வாயால் மணந்து மூக்கால் ருசிப்பதுதான் வித்தையாம். எங்கள் வீட்டில் முதன்முதலாக ரசத்தைச் சுவை பார்த்தபோது என் மனைவி அடுப்பில் ஏதோ வெடித்துவிட்டதென்று ஓடிவந்தாள். அவர் அந்த வாய் ரசத்தை யன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, மிளகு போன வருசத்து மிளகு என்றார். மிச்ச ரசத்தை மரியாதையாகக் குடித்தார். எதிலும் முதல் வாய் துப்புவதற்கு, மற்றது குடிப்பதற்கு என்பது அவர் சட்டம். என் மனைவி அதற்குப் பிறகு ஒரு மாதம் ரசமே வைக்கவில்லை.

யன்னலெல்லாம் அவசரத்துக்குத்தான். முறையாகத் துப்புவதற்கு அவரிடம் ஒரு பித்தளைப் படிக்கம் இருந்தது. வெற்றிலை போடும் பெரியவர்கள் பக்கத்தில் வைத்திருப்பார்களே, அது. கொழும்பிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தார். வந்திறங்கியபோது சுங்க அதிகாரி அதைத் தூக்கிப்பார்த்து, யாருடைய அஸ்தி என்று துக்கமான குரலில் கேட்டாராம். அஸ்தி இல்லை, துப்புகிற பாத்திரம் என்று இவர் உண்மையைச் சொன்னார். அஸ்தியென்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். துப்புகிற பாத்திரம் என்றதும் உறை மாட்டிய கையால் கொண்டுபோய், மருந்து விட்டுக் கழுவி, இரண்டு கிழமை கழித்துத்தான் கொடுத்தார்கள்.

வைனுக்கும் அவருக்கும் தொடர்பு வந்தது தொழிற்சாலையில் வேலைசெய்த வெள்ளைக்காரர்களால். ஒரு சனிக்கிழமை அவரை வைன் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கோட்டுப் போட்ட கனவான்கள் வரிசையாக நின்று கண்ணாடிக் கிளாசைச் சுழற்றி, மணந்து, உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, நடுவில் இருந்த வாளிக்குள் துப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டாராம். இந்த நாட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் தனக்குச் சொந்தக்காரர் கிடைத்தார்கள் என்று எங்களிடம் சொன்னார். "இஞ்சையும் எங்கடை ஆக்கள் இருக்கினமடா" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நாங்கள் தமிழர் யாரையோ கண்டுவிட்டார் என்று நினைத்து விலாசம் கேட்டோம்.

பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. அவருடைய மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அக்காவின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் குடித்தே அழிந்த மனிதர். கள்ளுக்கொட்டிலிலிருந்து தகப்பனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வருவதையும், அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பதையும் பார்த்து வளர்ந்தவர். கலியாணம் பேசியபோது மாப்பிள்ளைக்கு அவர் நேரடியாகவே சொல்லி, சத்தியமும் வாங்கியிருந்தார். "ஒரு துளி தொண்டைக்குக் கீழை இறங்கினாலும் நான் அண்டைக்கே வெளிக்கிடுவன்." அக்கா சொன்னால் செய்வார். இதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அண்ணைக்கு அறவே கிடையாது. ஆனால் அக்கா கோட்டைப் போட்டது தொண்டையில். அதற்கு மேலே வாய் என்று ஓர் இடம் இருக்கிறதே, அங்கே அண்ணை ஒரு ராச்சியமே நடத்தினார்.

சனிக்கிழமை தோறும் படிக்கத்தையும் தூக்கிக்கொண்டு போவார். போத்தல் போத்தலாகச் சுவைப்பார். ஒரு துளி விழுங்கமாட்டார். நான் அவரை அவதானித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், தொண்டைக்குழி அசையாது. துப்பும்போது படிக்கத்தின் விளிம்பில்கூடப் படாது. வெள்ளைக்காரர்கள் அவர் சொல்வதைக் கேட்க முதலில் சிரிப்புக்காகக் கூடினார்கள், பிறகு மெய்யாகவே கூடினார்கள். ஷிராஸ் என்கிற சிவப்பு வைன் கலியாண வீட்டுக்கு வந்த மச்சான் என்பார். வாசலிலேயே சிரிக்கும், தோளில் கைபோடும், விடியத் தலையிடி தந்துவிட்டுப் போகும். கபெர்னே என்கிற மற்றச் சிவப்பு வைன் சம்பந்தி. உடனே சிரிக்காது. முறைக்கும். கதிரையில் நிமிர்ந்து இருக்கும். நீ மரியாதையாகக் காத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத்தொடங்கும், அதற்குப் பிறகு அது சொல்வதை மறக்கமாட்டாய். இதையெல்லாம் ஒருநாளும் விழுங்காத மனிதர் சொன்னார் என்பதுதான் எனக்கு வியப்பு.

கபெர்னேயின் துவர்ப்புக்கு அவர் வைத்த பெயர் பாக்கு. கறுத்த பழச்சுவைக்கு நாவல். அவர் மிகவும் மதிக்கும் பழைய போத்தல்களில் சுருட்டுக் கொட்டிலின் மணம் வருமாம். சிட்னிப் பக்கத்து ஷிராஸ் ஒன்றைக் கனவான்கள் வியர்த்த குதிரைச் சேணம் என்று புகழ்ந்தபோது, அவர் திருத்தி, தவில்காரரின் தோள்வார் என்றார், திருவிழாவின் பத்தாம் நாள். கொஞ்சக் காலத்தில் அந்த வைன் கடைக் கனவான்கள் எல்லோருக்கும் இதெல்லாம் தொற்றிவிட்டது. நாவல் மரத்தைக் கனவிலும் காணாத ஒரு வங்கி முகாமையாளர், கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்து, நாவல் இருக்கிறது, ஆனால் பாக்குக் கூடிப்போய்விட்டது என்று கவலைப்பட்டதை இந்தக் காதால் கேட்டேன். பக்கத்தில் நின்றவர், பத்து வருசம் வைத்தால் பாக்கு இறங்கிவிடும் என்று ஆறுதல் சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் இந்த மரியாதை எடுபடவில்லை. சிவப்பு வைன் பல்லைக் கறுப்பாக்கும். சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூட்டுப் பிரார்த்தனை வைப்போம். அண்ணைக்கு நல்ல குரல், தேவாரம் பாட எழும்புவார். வாயைத் திறந்தால் உள்ளே ஊதா நிறம். நாங்கள் மாலை கட்டிப் போட்டிருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் ஊதாப் பல்லோடு பாடுவதா என்று ஒரு பகுதி கிளம்பியது. அவர் குடிக்கவில்லை என்றால் பல்லு ஏன் கறுத்தது? பல்லுத்தான் குடித்தது, நான் குடிக்கவில்லை என்றார் அண்ணை. வாய் வேறு வயிறு வேறு என்று அரைமணி நேரம் வாதாடினார். கடைசியில் டொக்டர் ஒருவர் எழுந்து, நாக்காலேயே கொஞ்சம் உடம்புக்குள் போகத்தான் செய்யும் என்று விஞ்ஞானமாகச் சொல்லிவிட்டார். அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. பாட்டை நிறுத்தினதற்காக இல்லை. பக்கத்தில் அக்கா இருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டில் ஒரு பரீட்சை. குசினித் தரையில் பச்சையும் மஞ்சளுமாக லினோலியம் விரித்திருந்தது. இரண்டு நிறமும் சேரும் கோட்டில் அவர் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடக்கவேண்டும். அக்கா நேர்ஸ் உடுப்போடு கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். ஆடாமல் நடந்தால் சாப்பாடு. அவர் ஒருநாளும் ஆடியதில்லை. நான் ஒருமுறை அங்கே போய், பகிடிக்கு நானும் நடந்துபார்த்தேன், இரண்டு பியரோடு. அக்கா என்னைத் தன் வீட்டில் ஒரு மாதம் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

யாரா பள்ளத்தாக்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். மாடு வளர்த்த நிலத்தில் மாட்டை விற்றுவிட்டுக் கபெர்னேக் கொடி நட்டவர். அவர் பிள்ளைகளே அவருக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணை அங்கே போய் முதல் வாய் உறிஞ்சினார். உறிஞ்சித் துப்பிவிட்டு, கொடிகளுக்கு நடுவில் ஒரு சுற்று நடந்து வந்தார். பிறகு, உனக்குப் பைத்தியம் இல்லை என்றார். அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். கூட்டாளிகள் என்றால் சண்டைபிடிக்கிற கூட்டாளிகள். கார் என்னுடையது, அண்ணைக்கு ஓடத் தெரியாது, ஆகவே மாதம் ஒருமுறை அந்தச் சண்டையைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சண்டை எப்போதும் ஒன்றுதான். கிழவர் சொல்வார், வைனின் பாதி தொண்டைக்குக் கீழேதான் இருக்கிறது, நீ பாதியைத்தான் அறிந்திருக்கிறாய். அண்ணை சொல்வார், மேல் பாதியையே ஒழுங்காக அறிந்தவன் ஊரில் இல்லை. சண்டை முடிந்ததும் கிழவர் தன் மிகத்திறமான போத்தலை உடைப்பார், அண்ணை அதை அப்படியே வளவில் நின்ற எலுமிச்சை மரத்தடியில் துப்புவார். படிக்கத்தைக் கிழவர் தன் வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார், எலுமிச்சைக்குப் போகட்டும் என்பார். இந்த மாநிலத்து ஆளுநர் குடித்ததை விட அந்த மரம் நல்ல வைன் குடித்திருக்கிறது என்று பெருமைப்படுவார். அண்ணையின் சத்தியத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒருநாளும் விழுங்கு என்று கட்டாயப்படுத்தியதில்லை. என்றைக்காவது ஒருநாள் ஒரு வாய் விழுங்குவாய், அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று மட்டும் சொல்வார்.

பார்க்காமலே போய்விட்டார். ஒரு காலை தோட்டத்துக்குள் விழுந்து, அங்கேயே முடிந்தது.

இந்த நாட்டுச் செத்தவீட்டுக்கு நான் போனது அதுதான் முதல்தரம். புதைத்துவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்தில் மேசை போட்டு, வாட்டிய இறைச்சியும் பாணும் வைத்திருந்தார்கள். ஆட்கள் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். அண்ணை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். அழவில்லை. கிழவரின் மகள் எல்லோர் கிளாசிலும் கபெர்னே ஊற்றினாள், கிழவர் கடைசியாகச் செய்தது, ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. ஊற்றிவிட்டு, அப்பா உயிரோடிருந்தபோதே சொல்லிவைத்தார், என் பெயரைச் சொல்லித் தூக்கும் கிளாசிலிருந்து ஒருவரும் துப்பக்கூடாதென்று, அதனால் இன்றைக்கு வாளி வைக்கவில்லை என்றாள். எல்லோரும் திரும்பி அண்ணையைப் பார்த்தார்கள். 

கிளாஸ்கள் உயர்ந்தன. அண்ணை ஒரு வாய் எடுத்தார். அந்தச் சத்தம், சீலை கிழிகிற அதே சத்தம், தோட்டம் முழுவதும் கேட்டது. அழுதுகொண்டு நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் விழுங்கினார்கள். அண்ணை விழுங்கவில்லை. துப்பவும் இல்லை. கன்னம் இரண்டும் உப்பிப்போய் அப்படியே நின்றார். மகள் வந்து கட்டிப்பிடித்தாள், தலையாட்டினார். வங்கி முகாமையாளர் வந்து கை குலுக்கி, நாவல் எப்படி என்று கேட்டார், தலையாட்டினார். பிறகு நேரே வந்து என் காரில் ஏறி இருந்து, விரலால் வீதியைக் காட்டினார்.

காரை எடுத்தேன். கேற்றைத் தாண்டியதும், இனி யாரும் பார்க்கவில்லை, துப்புங்கோ அண்ணை என்றேன். இல்லையென்று தலையாட்டினார். அப்படியென்றால் விழுங்கிவிடுங்கோ, அக்காவுக்கு நான் சொல்லமாட்டேன் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு தன் மோதிரவிரலைத் தொட்டுக் காட்டி, தெற்கே ஸ்பிரிங்வேல் பக்கமாகக் கையை நீட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்தவரின் சொல்லை மீறித் துப்ப இவரால் ஏலாது. உயிரோடிருப்பவருக்குக் கொடுத்த சொல்லை மீறி விழுங்கவும் ஏலாது. சத்தியம் வாங்கினவர்தான் அவிழ்த்துவிடலாம். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு முப்பது மைல் போகப்போகிறார்.

என் ஆயுளில் அவ்வளவு பவ்வியமாக நான் கார் ஓடியதில்லை. பள்ளம் வந்தால் நிறுத்தி, மெல்லக் காரை இறக்கினேன். வானொலியில் ஏதாவது பகிடி விடுவார்கள் என்று பயந்து நிறுத்தினேன். பாதிவழியில் அவருக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க, காரின் கூரையைப் பார்த்தபடி இருந்தார். கந்தசஷ்டி கவசத்தை எனக்குத் தெரிந்த மட்டும் நான் சொன்னேன். தும்மல் திரும்பிப்போயிற்று.

வீதியில் மறித்து ஊதச்சொல்லிப் பார்க்கும் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. ஒரு வளைவு திரும்பினால் பொலிஸ் வண்டி. நான் குழாயில் ஊதினேன். ஒரு கிளாஸ்தான் எடுத்திருந்தபடியால் தப்பினேன். இளம் பொலிஸ்காரன் குனிந்து பக்கத்து இருக்கையைப் பார்த்தான். கறுப்புக் கோட்டு, உப்பிய கன்னம், கண்ணில் நீர். அவருக்கு என்ன என்று கேட்டான். பொய் சொல்ல எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். வாயில் வைன் இருக்கிறது, விழுங்குவதற்கு மனைவியிடம் அனுமதி எடுக்கவேண்டும், மனைவி ஸ்பிரிங்வேலில் இருக்கிறார். அவன் என்னைப் பார்த்தான். அண்ணையைப் பார்த்தான். அண்ணை மிகுந்த கண்ணியத்தோடு தலையசைத்தார். அவனும் கலியாணம் கட்டினவன் போலிருக்கிறது. அப்படியென்றால் மினக்கெடாமல் போங்கள் என்று வழிவிட்டான்.

ஸ்பிரிங்வேல் ரயில் கடவையில் கேற் போட்டிருந்தது. அண்ணை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சாமான் ரயில் ஒன்று, முடிவில்லாமல் போனது.

வீட்டுக்குள் போனபோது அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தார். அண்ணையின் கன்னத்தைக் கண்டதும் பல்லுக் கொதியோ என்று எழுந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர் சொல்லிவைத்தது, மகள் சொன்னது, வாளி இல்லாதது, வழியில் நடந்தது எல்லாம்.  அண்ணை ஒரு மாணவனைப் போல நடுவில் நின்றார். அக்கா போகச்சொன்னால் போவார், துப்பச்சொன்னால் துப்புவார் என்று எனக்குத் தெரிந்தது. துப்பினால் கிழவர் இரண்டாம்தரம் சாவார் என்றும் தெரிந்தது.

அக்கா கதிரையில் திரும்ப இருந்தார். அவருடைய முகத்தில் கோபம் இருந்தால் எனக்குப் பழக்கம், சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்ரை அப்பா ஒருநாளும் ஒருத்தரிட்டையும் கேட்டுக் குடிச்சதில்லை."

பிறகு எழுந்து வந்து, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பார்ப்பதைப் போல, இரண்டு விரலை அண்ணையின் தொண்டைக்குழியில் வைத்தார்.

"இப்ப விழுங்குங்கோ."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அது பார்க்கக்கூடாத காரியம் போலிருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு சத்தமாக உறிஞ்சுகிற மனிதர் சின்னப் பிள்ளை மருந்து குடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய மிடறு விழுங்கினார். போயிட்டுது என்றார் அக்கா.

நான் திரும்பினேன். நாவலா, பாக்கா, சுருட்டா, கீழ்ப்பாதியில் என்ன இருந்தது என்று அவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அண்ணை வாயைத் திறந்தார். 

"நல்ல மனுசன். இன்னும் அஞ்சாறு வருசம் இருந்திருக்கலாம்" என்றார். அதோடு உடைந்துபோய் அழத்தொடங்கினார், தோள் குலுங்க, சத்தமாக. அக்கா விரலை அவருடைய தொண்டையிலிருந்து எடுக்கவில்லை. அழுது முடியும்வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.